உள்கதவில் ஒரு நூல்

பால் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் அவள் பார்ப்பது தேதியை அல்ல, ஓரத்தை. எவனாவது ஊசி போட்டு உறிஞ்சியிருந்தால்?

"பாலை உறிஞ்சிட்டுத் தண்ணிய ஏத்துறதுதான் அவனுக்கு வேலையா? வேற பொழப்பு இல்லையா?" என்று கேட்பார் வீட்டுக்காரர்.

"வேற பொழப்பு இல்லாதவன்தானே இதைச் செய்வான்," என்பாள். அதற்கு மேல் அந்த மனிதர் என்ன பேசுவார்? பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஊரில் இருக்கிற எந்தப் பூட்டையும் இரண்டு நிமிஷத்தில் திறந்துவிடுவார். வீட்டில் மட்டும் கேட்காமல் ஓர் அலமாரியைத் தொடமாட்டார்.

மாடியில் நாத்தனார் குடியிருந்தாள். துணி காயப்போட்டுவிட்டு அவள் கீழே இறங்கினால் இவள் மேலே ஏறிப்போய்க் கொடியிலிருக்கும் கிளிப்புகளை எண்ணுவாள். தன்னுடையது இருபத்துநான்கு. ஒருமுறை இருபத்தைந்து இருந்தது. சும்மா விட்டாளா? எந்த எண்ணத்தில் ஒன்றைக் கூட்டி வைத்திருக்கிறாள் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். இப்படிப்பட்டவளிடம்தான் ஆயிரக்கணக்கான உயிர்களை நம்பி ஒப்படைத்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அதற்கு அவளைவிடத் தோதான ஆள் கிடையாது.

அது ஓர் ஆராய்ச்சி நிலையம். மூன்றாவது மாடியில், நடையின் கடைசியில், இரண்டு கதவு போட்ட அறை. வெளிக்கதவைச் சாத்தினால்தான் உள்கதவு திறக்கும்; ஒரு பூச்சிகூடத் தப்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. உள்ளே வருஷம் முழுக்க ஒரே சூடு, ஒரே வெளிச்சம். இரும்பு அடுக்குகளில் அறுபது பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் வலை மூடி. பெட்டிக்குள் அவரைக்கொடித் துண்டு, தண்ணீர்க் குப்பி, முட்டையிடுவதற்காகத் தொங்கவிட்ட தாள் நாடா. பாதிப் பட்டாணி அளவில், ஆமை முதுகோடு, பச்சையும் பழுப்புமாகப் பூச்சிகள். தொட்டால் நாறும்.

"நாறட்டுமே. மனுஷங்க மாதிரி உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இல்லையே," என்பாள் அவள். பத்தொன்பது வருஷமாக அந்த அறையின் சாவி அவள் இடுப்பில். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். பூச்சியக்கா என்றால் வாசலில் இருக்கும் வாட்ச்மேனிலிருந்து டைரக்டர்வரை தெரியும்.

அதற்கு முன் எட்டு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைத் துடைக்கிற வேலை. அங்கே கற்றுக்கொண்டது ஒரே பாடம்: கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை விடக் கூடாது, தெரியாததை விடவே கூடாது. இந்த நிலையத்தில் அப்போது பூச்சிகள் பூசணம் பிடித்துச் செத்துக்கொண்டிருந்தன. சுத்தமான ஆள் வேண்டும் என்று தேடியவர்களுக்கு இவள் கிடைத்தாள். வந்த மூன்றே மாதத்தில் பூசணம் ஓடிப்போனது. இவள் மட்டும் இல்லையென்றால் அந்த அறையே இல்லை என்று டாக்டரம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்.

டாக்டரம்மா என்றால் மருந்து எழுதித் தருகிற டாக்டர் அல்ல, அந்த ஆராய்ச்சியின் தலைவி. அவருடைய ஆராய்ச்சியே பூச்சியின் வயிற்றுக்குள் இருக்கிற ஒரு சின்னப் பையைப் பற்றியது. பைக்குள் ஒரு வகை நுண்ணுயிர் குடியிருக்கிறது. அவரைச் சாற்றில் இல்லாத சத்தைப் பூச்சிக்குத் தயாரித்துக் கொடுப்பது அதுதான். பதிலுக்குப் பூச்சி அதற்கு வீடு கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் பூச்சி வெளிறிப்போய் ஒரு வாரம், பத்து நாளில் செத்துவிடும்.

"கிருமியை வயித்துல வெச்சுக்கிட்டு வாழுதா? கருமம்," என்றாள் பூச்சியக்கா முதல் தடவை கேட்டபோது.

"எல்லாக் கிருமியும் எதிரி இல்லக்கா," என்று டாக்டரம்மா சிரித்தார்.

இவள் தலையை ஆட்டினாள். ஆனால் நம்பவில்லை. எட்டு வருஷம் கிருமியோடு மல்லுக்கட்டியவளிடம் வந்து கிருமி நல்லது என்றால் எப்படி நம்புவாள்?

யாருக்கும் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற குஞ்சின் வயிற்றில் அந்த நுண்ணுயிர் கிடையாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இருக்கிறது. எங்கிருந்து வந்தது? காற்று என்றார் ஒருவர், அவரைக்கொடி என்றார் ஒருவர், முட்டை ஓடு என்றார் இன்னொருவர். இதைக் கண்டுபிடிக்கத்தான் கடல் கடந்த ஒரு நாட்டு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். பூச்சி நம்முடையது, உயிரோடு இருக்கிற நுண்ணுயிரைப் படம் பிடிக்கிற மிஷின் அவர்களுடையது. இங்கிருந்து முட்டைகளை அனுப்ப வேண்டும், அங்கே அவை பொரிந்து வளர வேண்டும். புதன்கிழமைதோறும் சுவரில் மாட்டிய திரையில் அந்த ஊர் விஞ்ஞானி பேசுவார். திரையில் தெரிவது கழுத்துக்கு மேலே மட்டும்தான் என்பதால் பூச்சியக்கா அவருக்கு வைத்த பெயர் தலையம்மா.

முதல் தடவை அறுநூறு முட்டைகள் போயின. பொரிந்தன, பத்து நாளில் எல்லாம் செத்தன. இரண்டாம் தடவை அறுநூறு. அவையும் செத்தன. மூன்றாம் தடவை அனுப்பிய அறுநூற்றில் பதினொன்று பிழைத்தன, அவ்வளவுதான். இங்கேயோ அறையில் பூச்சி வைக்க இடம் போதவில்லை.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. டாக்டரம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு பூச்சி அறைக்கே வந்துவிட்டார்.

"வந்த முட்டையில நுண்ணுயிரோட சுவடே இல்லையாம். நம்மகிட்ட இருக்கிற முட்டையில இருக்கு, நம்ம லேப் பையன் நெட்டையன் பார்த்திருக்கான். அப்போ அனுப்புறதுக்கு முன்னாடி இங்க யாரோ மருந்து போட்டுக் கொல்றாங்கன்னு எழுதியிருக்காங்க. வேணும்னே."

பூச்சியக்கா அடுக்கிலிருந்த நாடாக்களைப் பார்த்தாள். அந்த முட்டைகளைக் கடைசியாகத் தொடுவது யார்? அவள்தானே.

"நாலாவது தடவையும் செத்தா ஒப்பந்தம் ரத்து," என்றார் டாக்டரம்மா. "ரத்தானா இந்த ரூமை மூடிடுவாங்க. உங்களை எங்க தூக்கிப் போடுவாங்கன்னு எனக்கே தெரியாதுக்கா."

அவர் அப்படிச் சொன்னபோது அவர் கண் வழக்கம்போல இல்லை. என்னையே சந்தேகப்படுகிறாளே இந்தம்மா என்று இவளுக்கு நெஞ்சு வலித்தது. அடுத்தவரைச் சந்தேகப்பட்டே ஐம்பத்துநான்கு வயது வந்தவளுக்கு, தன்னை ஒருத்தர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன, திருந்திவிட்டாளா? அதெல்லாம் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு திருடனைத் தேட ஆரம்பித்தாள்.

தலையம்மா மேல் சந்தேகம்: பூச்சி அங்கே ஜோராக வளர்கிறது, இங்கே செத்ததாகக் கதை விடுகிறாள். கூரியர்காரன் மேல் சந்தேகம். விமான நிலையத்தில் பெட்டியை ஊடுருவிப் பார்க்கிற மிஷின் மேல் சந்தேகம். டாக்டரம்மா மேலும் இரண்டு நாள் சந்தேகப்பட்டாள், பிறகு பாவம் என்று விட்டுவிட்டாள். கடைசியில் எல்லாம் வந்து நின்றது நெட்டையனிடம்.

நெட்டையன் டாக்டரம்மாவிடம் வேலை செய்கிற இளம் ஆராய்ச்சியாளன். முட்டையை ஒட்டிய நாடாவோடு சேர்த்து அரைத்து நுண்ணுயிர் இருக்கிறதா என்று பார்ப்பவன் அவன்தான். கிருமியைக் கொல்லும் மருந்துக் குப்பிகள் இருப்பது அவன் மேஜையில். அவளுடைய சாவி இல்லாமலே பூச்சி அறையைத் திறக்கிற மின் அட்டையும் அவனிடம் உண்டு. ஒரு வருஷம் தலையம்மாவின் நிலையத்துக்குப் போய் வேலை பார்க்கத் தேர்வாகியிருந்தவனும் அவன்தான்; இங்கே கெடுத்துவிட்டு அங்கே போய்த் தானே கண்டுபிடித்ததாகப் பேர் வாங்கப் பார்க்கிறானோ? இதெல்லாம் போதாதென்று, அவள் சாப்பிடப் போகிற நேரத்தில் பூச்சி அறைப் பக்கம் அவன் போவதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறான். அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

ஒரு வெள்ளை நூலை எடுத்தாள். உள்கதவின் அடியில், கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே, இந்தப் பக்கம் ஒரு சொட்டு, அந்தப் பக்கம் ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டினாள். கதவைத் திறந்தால் பிய்ந்துகொள்ளும். அது போதாதென்று உள்ளே தரையில் முகப்பவுடரை லேசாகத் தூவிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் நூல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் பவுடரில் ஒரு செருப்புத் தடம், முழ நீளத்துக்கு. குனிந்து நூலைப் பார்த்தாள். பக்கத்துக்கு அவள் வைத்தது ஒரு சொட்டுப் பசை; இப்போது ஒரு பக்கத்தில் இரண்டு சொட்டு இருந்தது. பிய்த்தவன் திரும்ப ஒட்டியிருக்கிறான்!

"அடப் படுபாவி," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அடுத்த நிமிஷம் டாக்டரம்மாவின் அறையில் நின்றாள்.

நெட்டையனைக் கூப்பிட்டார்கள். அவன் முகம் வெளுத்துப்போனது. "போன் பேசத்தான் போனேன் மேடம். அந்த ரூம்ல பேசினாத்தான் வெளிய கேட்காது. எனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. அந்தப் பொண்ணோட..."

"பேசப் போனவன் நூலை ஏன் திரும்ப ஒட்டினே?" என்று கேட்டாள் பூச்சியக்கா.

"நீங்க திட்டுவீங்கன்னுதான்க்கா."

யார் நம்புவார்கள்? டாக்டரம்மா நம்பவில்லை. டைரக்டர் நம்பவே இல்லை. அவனுடைய அட்டையில் அந்தக் கதவு திறக்காதபடி செய்தார்கள். அவன் போகவிருந்த ஒரு வருஷப் பயணத்தை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். பூச்சி அறைக் கூரையில் ஒரு கேமரா மாட்டினார்கள். அன்றைக்குப் பூச்சியக்கா வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

நான்காவது தடவைக்கான நாடாக்களை அடுத்த வாரம் தயார் செய்தாள். மறுநாள் காலையில் சந்தேகம் மறுபடியும் முளைத்தது. அட்டை இல்லாவிட்டால் என்ன, வேறு வழியில் நுழைந்திருந்தால்? நேரே வாட்ச்மேனிடம் போனாள்.

"நேத்து மதியத்துப் படத்தைப் போடு. அந்த நெட்டையன் வந்தானா பார்க்கணும்."

வாட்ச்மேன் கேமராப் படத்தை ஓட்டினான். சின்னத் திரையில் அடுக்குகள், பெட்டிகள், மேஜை. நெட்டையன் வரவில்லை. மேஜைக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கையில் படம் வரைகிற மெல்லிய தூரிகை. பக்கத்தில் ஒரு கிண்ணம். தாள் நாடாவில் எதையோ தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டரை மணி நேரமா இதேதான் ஓடுது," என்றான் வாட்ச்மேன். "அப்படி என்னக்கா துடைக்கிறீங்க?"

"எச்சத்தை," என்றாள்.

அந்தப் பூச்சி இரண்டு வரிசையாக முட்டையிடும். வரிசைகளுக்கு நடுவிலும் அடியிலும் கடுகில் கால்வாசி அளவுக்குப் பழுப்பு மணிகளை ஒட்டிவிட்டுப் போகும். அதை எச்சம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்குப் போகிற சாமானை அழுக்கோடு அனுப்பலாமா? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதனால் அனுப்புகிற நாடாக்களை மட்டும் ஒவ்வொரு மணியாகத் துடைத்தெடுத்து, முட்டைகளைப் பளிச்சென்று ஆக்கித்தான் அனுப்புவாள். இங்கே வளர்க்கிறவற்றுக்கு அப்படிச் செய்ய நேரம் ஏது?

"நம்ம பெட்டிக்கெல்லாம் இப்படித் துடைக்கிறதில்லையாக்கா?" என்று கேட்டான் வாட்ச்மேன், சும்மா பேச்சுவாக்கில்.

அவள் திரையில் அசைகிற தூரிகையையே பார்த்தாள். இங்கே பிழைக்கிறது, அங்கே சாகிறது, நடுவில் கை வைத்தது யார்? இந்தக் கேள்வியை அவள் கூரியர்காரனிடமிருந்து டாக்டரம்மாவரை எல்லோர் மேலும் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஓர் ஆள் மேல் மட்டும் வைக்கவில்லை. மூன்றாம் தடவை நாடா துடைத்த அன்று அவளுடைய கண்ணாடி உடைந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. கடைசி நாடாவின் ஓரம் சரியாகத் தெரியாமல், ஆனது ஆகட்டும் என்று அப்படியே விட்டாள். அந்தத் தடவைதான் பதினொன்று பிழைத்தன.

திரும்பி வந்து தூரிகையை மேஜை இழுப்பறைக்குள் போட்டாள்.

ஆனாலும் சந்தேகம்தானே, தீர்த்துக்கொள்ள வேண்டாமா? நாடா சரியில்லை, மூன்று வாரம் வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் அவகாசம் கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சரி என்றார். துடைத்த நாடா ஒன்றை ஒரு பெட்டியிலும், துடைக்காத நாடா ஒன்றை இன்னொரு பெட்டியிலும் வைத்தாள். ஒரே அவரைக்கொடி, ஒரே தண்ணீர்.

ஆறாம் நாள் இரண்டிலும் குஞ்சுகள் பொரிந்தன. துடைக்காத பெட்டியில், குஞ்சுகள் வெளியே வந்ததும் அவரைப் பக்கம் போகவே இல்லை. முட்டை ஓட்டருகிலேயே நின்று, பழுப்பு மணியில் மூக்கைக் குத்தி உறிஞ்சின. அரைமணி, முக்கால்மணி. பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பத்தொன்பது வருஷமாக அவள் பார்க்கிற காட்சிதான். பிறந்த களைப்பு என்று நினைத்திருந்தாள்.

துடைத்த பெட்டியில் ஒன்றுகூட உட்காரவில்லை. முட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. மூக்கால் தாளைக் குத்திப் பார்த்தன, நகர்ந்தன, மறுபடியும் குத்தின. அன்று முழுக்க அலைந்தன. மறுநாளும் அலைந்தன. மணி இருந்த இடத்தில் தேடிவிட்டு, இல்லாத இடத்திலெல்லாம் தேடின. அவள் முக்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பொரிந்த ஒன்பதாம் நாள் அந்தப் பெட்டியில் உயிர் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பால் பாக்கெட்டை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் பயந்துபோனார். "என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"பிள்ளைங்களுக்குன்னு ஆத்தாக்காரி வெச்சுட்டுப் போன சாப்பாடு அது. அதை வழிச்சுக் குப்பையில கொட்டிட்டு, சுத்தம் பண்ணிட்டேன்னு மார்தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்," என்று சொல்லி அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி யோசித்தார். "இந்தத் தடவை துடைக்காம அனுப்பிடு. பிழைச்சிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"கேமரா?"

"பதினஞ்சு நாளைக்கு மேல அதுல படம் நிக்காதுன்னு நீதானே சொன்னே. அதெல்லாம் அழிஞ்சிருக்கும். உனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. வாயை மூடிக்கிட்டு இரு."

அவளும் அதைத்தான் யோசித்திருந்தாள். பொய் சொல்வானேன், முதலில் தோன்றியதே அதுதான். ஆனால் சந்தேகப்பட்டே பழகிய புத்தி, அடுத்த ஆள் எப்படி யோசிப்பான் என்பதையும் சேர்த்தே யோசிக்கும்.

"நெட்டையன் உள்ள வந்தவரைக்கும் செத்துச்சு. அவனை வெளிய தள்ளினதும் பிழைச்சிடுச்சு. இப்படித்தானே பேசுவாங்க?" என்றாள். "நான் வாயை மூடினா அவன்தான் பண்ணான்னு முத்திரை குத்திடுவாங்க. செத்தாலும் அது போகாது."

"அவன் மேல பழி போட்டவ நீதானே," என்றார் அவர் மெதுவாக.

"அதைத்தான் சொல்றேன்."

மறுநாள் புதன்கிழமை. கூட்ட அறையில் டாக்டரம்மாவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில், யாரையும் பார்க்காமல், நெட்டையன். திரையில் தலையம்மா. பூச்சியக்கா இரண்டு பெட்டிகளையும் பழுப்பு மணிகள் இருந்த ஒரு கிண்ணத்தையும் தன் வேலை நோட்டையும் தூக்கிக்கொண்டு கூப்பிடாமலே உள்ளே போனாள்.

"மருந்து யாரும் போடல," என்றாள். "நான்தான் கொன்னேன்."

நின்றபடியே முழுவதையும் சொல்லி முடித்தாள். டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு வருஷம்! ஆயிரத்தெண்ணூறு முட்டை! இப்படித் துடைக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

பூச்சியக்கா நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். மூன்று தேதிகள். மூன்றிலும் அவளுடைய குண்டுக் கையெழுத்தில் ஒரே வரி: நாடாக்கள் நன்றாகச் சுத்தம் செய்து அனுப்பப்பட்டன. மூன்றுக்கும் கீழே டாக்டரம்மாவின் கையொப்பம். அவர் நோட்டை மூடிவைத்தார். அப்புறம் சத்தம் போடவில்லை.

திரையில் தலையம்மா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா மொழிபெயர்த்துச் சொன்னார். பூச்சியக்கா குறுக்கிட்டாள்.

"அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க. அங்க பொரிஞ்ச குஞ்சுங்க ஒரு இடத்துல உட்கார்ந்துச்சா, இல்ல அலைஞ்சுதா?"

டாக்டரம்மா கேட்டார். தலையம்மா தன் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னதை டாக்டரம்மா திருப்பிச் சொன்னார்: "சாகிற வரைக்கும் அலைஞ்சுதாம். அவரைக்கொடி வாடிப்போச்சு, அதான் தேடுதுன்னு நினைச்சாங்களாம். தினமும் புதுக்கொடி மாத்தி வெச்சாங்களாம்."

அந்த ஊரிலும் ஒருத்தி தன்னைப்போலவே பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் கதை விடுகிறாள் என்று இவள் நினைத்தது அவளைத்தான். அந்த மணியைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னார் தலையம்மா. அவ்வளவுதான், அறையில் ஒரே கூச்சல். மூன்று வருஷமாகத் தேடிய விடை கிண்ணத்தில் இருந்தது: தாய் தன் நுண்ணுயிரை மணியாக உருட்டிப் பிள்ளைக்குக் கட்டிச்சோறாக வைத்துவிட்டுப் போகிறாள். டாக்டரம்மா எழுந்து நின்று பேசினார், இன்னொருவர் பலகையில் படம் போட்டார். கொலையை ஒப்புக்கொள்ள வந்தவளை மறந்தே போனார்கள்.

"முதல்ல இவன் மேல இருக்கிற பழியை எடுங்க!" என்று பூச்சியக்கா மேஜையில் தட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டையன் அப்போதும் தலை நிமிரவில்லை.

பழியை எடுத்தார்கள். அட்டையைச் சரி செய்தார்கள். பயணத்துக்கான இடம் மட்டும் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். நான்காவது தடவை முட்டைகள் துடைக்காமல் போயின. பெட்டியைக் கட்டுகிறபோது அவள் கை தூரிகையைத் தேடி நமநமவென்றது. வலது கையை இடுப்பில் செருகிக்கொண்டு இடது கையாலேயே கட்டி முடித்தாள். அறுநூற்றில் ஐந்நூற்று நாற்பது பிழைத்தன என்று செய்தி வந்தது. அறை மூடப்படவில்லை. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், அதோடு சரி.

ஆனால் நெட்டையன் மதிய நேரத்தில் அந்தப் பக்கம் வருவதே இல்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே அவன் மேஜைக்குப் போனாள்.

"ரூம் காலியாத்தான் இருக்கு. நான் வெளிய இருக்கேன். போய்ப் பேசு. நூலெல்லாம் இல்லை."

"பேச ஆள் இல்லக்கா," என்றான் அவன். "பயணம் ஏன் நின்னுச்சு, பையன் மேல என்ன கேஸுன்னு பொண்ணோட அம்மா கேட்டாங்க. உண்மையைச் சொன்னேன். ஒரு பூச்சி முட்டையைத் துடைச்சதுக்கா உன்னை நிறுத்தினாங்கன்னு சிரிச்சாங்க. கல்யாணப் பேச்சை நிறுத்திட்டாங்க."

அவள் மேஜையிலிருந்த போனை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு, "போன் போடு. நான் பேசுறேன்," என்றாள். அவன் தயங்கினான். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

பூச்சி அறைக்குள் போய் இரண்டு கதவையும் சாத்திக்கொண்டார்கள். அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா எடுத்தாள். பூச்சியக்கா தான் யார் என்று சொன்னாள், நடந்ததைச் சொன்னாள், தப்பு முழுக்கத் தன்மேல் என்றாள். கேட்டு முடித்ததும் அந்தக் குரல் நிதானமாகக் கேட்டது:

"நீங்க அவனோட ஆபீஸ்தானே? அவன் பக்கத்துலயே நின்னு சொல்லிக் கொடுக்கிறானா?"

பூச்சியக்கா பக்கத்தில் நின்ற நெட்டையனைப் பார்த்தாள். "பக்கத்துலதான் நிக்கிறான். சொல்லிக் கொடுக்கல."

"அப்படித்தான் சொல்லுவீங்க."

"ஆமா. நானா இருந்தாலும் இதையேதான் கேட்பேன்," என்றாள் பூச்சியக்கா. "நீங்க நம்ப வேண்டாம்மா. நான் எழுதின நோட்டு இருக்கு, எனக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் இருக்கு. ரெண்டையும் எடுத்துட்டு நேர்ல வரேன். கையெழுத்து, தேதி, பேனா மை எல்லாத்தையும் வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. என்னைக்கு, எத்தனை மணிக்கு வரட்டும்?"

"நேரம் சொன்னா தயார் பண்ணிட்டு வருவீங்க," என்றது குரல். "சொல்லாம கொள்ளாம வாங்க. அப்ப பார்ப்போம்."

போன் வைக்கப்பட்டது. பூச்சியக்கா போனை அவனிடம் நீட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தச் சம்பந்தியம்மாவை எனக்குப் புடிச்சிருக்குடா," என்றாள்.

நெட்டையன் சிரிக்கவில்லை. அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், நோட்டையும் கடிதத்தையும் பைக்குள் வைத்தாள், இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"சாயங்காலம் பெட்டிக்கெல்லாம் தண்ணி மாத்து. எதையும் துடைச்சுத் தொலைக்காதே," என்று சொல்லிவிட்டு, வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்போதே கிளம்பினாள்.